தனியாகப் போன இருமொழி ராப்பர்: மெல்லோ மேன் ஏஸ் விஷயத்தில் என்னதான் நடந்தது?

தெற்குவாசல் (கேள்வி)

லாஸ் ஏஞ்சலஸ் லத்தீன் ஹிப்-ஹாப்பை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

மெல்லோ மேன் ஏஸ், அவருடைய அண்ணன் சென் டாக், பி-ரியல், டிஜே மக்ஸ் எல்லாரும் டிவிஎக்ஸ் என்ற ஒரே குழுவில் இருந்தவர்கள். 1988ல் மெல்லோ தனியாகக் கிளம்புகிறார். 1990ல் அவருடைய 'மென்டிரோசா' அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14ஆம் இடம் வரைக்கும் ஏறுகிறது. பின்னால் நின்றவர்கள் சைப்ரஸ் ஹில் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1991ல்தான் முதல் ஆல்பமே போடுகிறார்கள். முதலில் ஜெயித்தது தனியாகப் போனவர். ஆனால் 1993க்குள் நிலைமை தலைகீழ்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது திறமைக் குறைவா, கம்பெனி செய்த கோளாறா, வேறு ஏதாவதா? இன்றைக்கு ஒருவர் இப்படிப் பிரிந்தால் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் எந்த அளவில் கலப்பது என்பதற்குத் தொழில்ரீதியாக ஏதாவது வரம்பு உண்டா? யார் பெரியவர் என்ற ரசிகர் சண்டை வேண்டாம், விவரம் போதும்.

கேசட்காலம்

திறமையில் குறை சொல்ல முடியாது. கம்பெனியும் சின்னக் கம்பெனி இல்லை, கேபிடல் ரெக்கார்ட்ஸ். குழுவை விட்டு வெளியே வருகிறவரோடு குரல் வரும், குழுவின் ஒலி வராது. நான் பார்த்தவரை முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ரேயெஸ் குடும்பம் கியூபாவிலிருந்து 1971ல் அமெரிக்கா வந்து லாஸ் ஏஞ்சலஸ் ஓரமாக சவுத் கேட்டில் குடியேறியது. வீட்டில் ஸ்பானிஷ், தெருவில் ஆங்கிலம். அந்தப் பழக்கத்தை அப்படியே மைக்கில் பேசியதுதான் மெல்லோவின் பலம். 1989ல் 'எஸ்கேப் ஃப்ரம் ஹவானா' ஆல்பம் வந்தது. 'மென்டிரோசா'வை இப்போது போட்டுக் கேட்டாலும் அதன் கட்டுமானம் சுத்தமாக இருக்கும். பொய் சொல்லிக்கொண்டே இருக்கும் காதலியோடு சண்டை. ஒரே வாக்கியத்துக்குள்ளேயே மொழி மாறும், ஆனால் ஸ்பானிஷ் தெரியாதவருக்கும் கதை விட்டுப்போகாது. சந்தானா குழு பாடிய 'ஈவில் வேஸ்' பாட்டின் துண்டு அடியில் ஓடுவதால், அந்த ஒலியை அப்பா அம்மா வீட்டில் கேட்டு வளர்ந்த லத்தீன் பிள்ளைகளுக்கு முதல் நான்கு பாரிலேயே (பார் என்றால் நாலு தாளம் கொண்ட ஒரு சுற்று) பிடித்துப்போகும்.

இப்போது எதிர்ப்பக்கம். 1988ல் மக்ஸ் தன் பாணியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 7ஏ3 என்ற இன்னொரு குழுவிலும் இருந்தார். 1991 ஆகஸ்டில் வந்த சைப்ரஸ் ஹில் முதல் ஆல்பத்தில்தான் அந்தப் புகைமூட்டமான, கனத்த, கரகரத்த ஒலி முழுசாக வருகிறது. அதில் பி-ரியலின் மூக்குக் குரல் முன்னால், சென் டாக்கின் கனத்த அதட்டல் பின்னால். ஆல்பம் முழுக்க ஒரே கையின் வேலை என்பது காதிலேயே தெரியும். ஸ்பானிஷ் அதில் 'லத்தீன் லிங்கோ', 'ட்ரெஸ் எக்கிஸ்' மாதிரி சில இடங்களில் மட்டும். யாரும் அவர்களை 'இரண்டு மொழியில் பாடுகிறவர்கள்' என்று ஒரு பெட்டிக்குள் போட முடியவில்லை. 1993ல் 'பிளாக் சண்டே' வெளியான வாரமே நேராக முதலிடத்தில் நுழைந்தது.

மெல்லோவுக்கோ இருமொழி என்பதே விளம்பரப் பலகை ஆகிவிட்டது. 1992ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயரே 'தி பிரதர் வித் டூ டங்ஸ்'. முதல் பாட்டில் புதுமையாக இருந்த சங்கதி இரண்டாவது ஆல்பத்தில் எதிர்பார்த்த சங்கதி ஆகிவிடும். பக்கத்தில் கிட் ஃப்ராஸ்ட் 1990ல் 'லா ராசா' போட்டாயிற்று. 1991ல் இருவரும் சேர்ந்து லத்தீன் அலையன்ஸ் ஆல்பமும் வந்தாயிற்று. இருமொழி என்ற ஒற்றைக் காரணத்துக்காகத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அதற்குள் பழகிப்போயிருந்தது.

வானொலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் நாள் முழுக்க ஹிப்-ஹாப் போட்ட கேடே ஏஎம் 1580 அலைவரிசை 1991 மார்ச்சில் வணிகச் செய்திக்கு மாறியது. உள்ளூர்ப் பாட்டை முதலில் எடுத்துக் கையில் வைத்துத் தாங்கிய நிலையம் அது. புது சிங்கிளோடு கதவைத் தட்ட வேண்டிய நேரத்தில் அந்தக் கதவே இல்லை.

சகோதரர்களுக்குள் பகை என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். 2006ல் அண்ணனும் தம்பியும் ரேயெஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் 'கெட்டோ தெரபி' ஆல்பம் சேர்ந்தே போட்டார்கள். இன்னொரு விஷயம்: சென் டாக்கும் 1996ல் சைப்ரஸ் ஹில்லை விட்டு விலகி எஸ்எக்ஸ்-10 என்ற ராக் பக்கம் போனார், 1998ல் திரும்பி வந்தார். கதவை மூடாமல் போவதும் ஒரு வழி. 2008ல் அவரும், 2009ல் பி-ரியலும் தனி ஆல்பம் போட்டார்கள், குழுவும் அப்படியே நடந்தது.

ஷரத்துராஜா

கேசட்காலம் சொன்ன 'ஒலி கூட வராது' என்பதற்குச் சட்டத்திலும் அர்த்தம் இருக்கு. பீட், அதாவது வரிகளுக்கு அடியில் ஓடற இசை, தயாரிப்பாளரோட சொத்து; மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, கம்பெனியோட சொத்து. விலகிப் போறவர் கையில் எடுத்துட்டுப் போறது தன் வரிகளின் எழுத்தாளர் பங்கு மட்டும்தான். அமெரிக்க ஒப்பந்தங்களை வைத்துச் சொல்றேன்.

முதல்ல பார்க்க வேண்டியது விலகும் உறுப்பினர் ஷரத்து. குழுவா கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாவும் கட்டுப்படறாங்க. ஒருத்தர் விலகினா எழுத்துல தெரிவிக்கணும், அவரோட தனி ஆல்பத்தை எடுத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை கம்பெனிக்கு. அந்தக் கெடு முடியறதுக்குள்ள வேற இடத்தில் சிங்கிள் போட்டா ஒப்பந்த மீறல். வினியோகஸ்தருக்கு ஒரு புகார்க் கடிதம் போனாலே போதும், பாட்டு எல்லாத் தளத்திலிருந்தும் இறங்கிடும். நிறைய பேர் மாட்டறது இங்கேதான். 'நான் குழுவை விட்டுட்டேன்' வேற, 'கம்பெனி என்னை விட்டுடுச்சு' வேற. இரண்டாவதுக்குக் கையெழுத்தோட விடுவிப்புக் கடிதம் வேணும்.

அடுத்தது கடன் கணக்கு. இதை எண்ணை வைத்துப் பார்த்தாதான் புரியும். நாலு பேர் குழு, கம்பெனி முன்னாடி கொடுத்த பணத்தில் இன்னும் வசூலாகாத பாக்கி 2,00,000 டாலர்னு வைத்துக்கோங்க. நீங்க அதே கம்பெனியில் தனியா ஆல்பம் போட்டு 60,000 டாலர் ராயல்டி வருது. ஒப்பந்தத்தில் 'தலைக்குரிய பங்கு மட்டும்'னு இருந்தா உங்க தலையில் 50,000 கழியும், 10,000 மிஞ்சும். அந்த மூணு சொல் இல்லாம வெறுமனே குழுக் கணக்கோட சேர்த்துக் கழிக்கலாம்னு இருந்தா மொத்தமும் போய், இன்னும் 1,40,000 பாக்கி நிக்கும். உங்க தனி ஆல்பத்தோட அட்வான்ஸையும் செலவையும் இதில் நான் சேர்க்கவே இல்லை. வக்கீல் கிட்ட மொத்த ஒப்பந்தத்தையும் பேரம் பேசப் பணம் இல்லைன்னாகூட, இந்த ஒரு வரியை மட்டுமாவது மாத்தச் சொல்லிக் கேளுங்க.

மறுபதிவுத் தடை: குழுவில் பாடின பாட்டை மேடையில் பாடலாம், புதுசா ரெக்கார்ட் பண்ண முடியாது. வழக்கமா பதிவு செய்ததிலிருந்து 5 வருஷம், இல்லைன்னா ஒப்பந்தம் முடிஞ்சு 2 வருஷம், எது பிந்தியோ அது. குழுவோட ஹிட்டை ஸ்பானிஷில் மாத்திப் பாடி தனி ஆல்பத்தில் வைக்கலாம்னு திட்டம் போடறவங்க இதைத்தான் முதல்ல தேடணும். மொழி மாறினாலும் அதே இசையமைப்புன்னா தடைக்குள்ளே வரும். அதோட மொழிபெயர்ப்புக்குப் பப்ளிஷரோட (இசையமைப்பு, வரிகளின் உரிமையைப் பார்த்துக்கறவர்) அனுமதி தனியா வேணும்.

பெயர். மேடைக்கு டிரேட்மார்க் வகுப்பு 41, ஒலிப்பதிவுக்கு வகுப்பு 9. குழுப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்குன்னு விலகறதுக்கு முன்னாடி பாருங்க. போஸ்டரில் 'அந்தக் குழுவின் இன்னார்'னு போடலாமா, எழுத்து எவ்வளவு பெரிசா போடலாம் என்பதுவரை விலகல் ஒப்பந்தத்தில் எழுதறது வழக்கம். எழுதாம விட்டா முதல் டூர்லேயே தகராறு.

பழைய பாட்டுகளோட வருமானம் நிக்காது, நிக்கவும் விடாதீங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்ப்ளிட் ஷீட் (யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதின தாள்) போட்டு எல்லார் கையெழுத்தும் வாங்கி வைங்க. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலிப் பணம் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்கிற வசூல் அமைப்பு வழியா வரும்: மாஸ்டர் உரிமையாளருக்கு 50 சதவீதம், முன்னணிக் கலைஞருக்கு 45, பின்னணிக் கலைஞர்களுக்கு 5. அந்த 45 குழுவுக்கு மொத்தமா, உறுப்பினர்களுக்குள்ள பிரிச்சு வரும். நீங்க தனியா பதிவு பண்ணி உங்க பங்கைச் சொல்லலைன்னா அது தேங்கி நிக்கும். ஸ்ட்ரீமிங்கில் எழுத்தாளருக்கு வர மெக்கானிக்கல் (பிரதி எடுக்கறதுக்கான) ராயல்டிக்கு எம்எல்சி, பொதுவில் ஒலிபரப்பறதுக்கு ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ என்கிற வசூல் அமைப்புகள். மூணும் வேற வேற பணம்.

தெற்குவாசல்

ராஜா அண்ணே, அந்த 50,000 கணக்கு ஒன்றே போதும், கண் திறந்துவிட்டது. மொழிக் கலப்பு பற்றி யாராவது?

பதினாறுபார்

விகிதத்தைப் பற்றி அப்புறம். மொழி மாறும்போது தாளத்தில் என்ன உடைகிறது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் தனியாகப் போகிறவர் முதலில் திணறுவது இதில்தான். குழுவில் ஒருவர் ஆங்கிலம், ஒருவர் ஸ்பானிஷ் என்று பிரித்துக்கொள்ளலாம். தனியாக வந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும்.

92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 தாளம்) பீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார் சுமார் 2.6 நொடி. அதில் 16 சின்னக் கட்டங்கள், கட்டம் ஒன்றுக்கு 0.16 நொடி. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசையைத் தாளத்தின் மேல் வைத்து மற்றதை விழுங்கிவிடலாம். ஸ்பானிஷில் அசைகள் ஏறத்தாழ ஒரே நீளம், எதையும் விழுங்க முடியாது. ஒரே செய்தியைச் சொல்ல ஸ்பானிஷுக்கு அசையும் அதிகம். ஆங்கிலத்தில் 10 அசையில் முடிந்த வரியை அப்படியே ஸ்பானிஷில் மாற்றினால் 13, 14 ஆகி பாருக்கு வெளியே வழியும். அதனால் அனுபவசாலிகள் வரியை மொழிபெயர்ப்பதில்லை. ஸ்பானிஷ் வரிக்கு வேறு, சின்னச் செய்தி கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது வரியின் முடிவு. ஆங்கில ராப் வரி பெரும்பாலும் அழுத்தமான ஒற்றை அசையில் நாலாவது தாளத்தில் முடியும். ஸ்பானிஷ் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். லோகா, போகா, டோகா என்று பாருங்கள். 'லோ' நாலாவது தாளத்தில் விழ வேண்டும், 'கா' அதற்குப் பிந்தைய அரைத் தாளத்தில். புதியவர்கள் 'கா'வைத் தாளத்தில் வைத்துவிடுவார்கள். அழுத்தம் இடம் மாறிச் சொல்லே வேறு மாதிரி கேட்கும், ஸ்பானிஷ் பேசிப் பிறந்தவர் காதில் உடனே உறுத்தும்.

நம் மரபில் எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் நிற்கும். இங்கே முழுக்க இயைபு, அடியின் கடைசியில். தமிழ்க் காதோடு கேட்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்தால் பாதி விஷயம் பிடிபடும். ஸ்பானிஷில் சுத்த உயிரொலி ஐந்துதான் என்பதால் உயிர் மட்டும் ஒத்துப்போகிற இயைபு மலிவாகக் கிடைக்கும். வினைச்சொல்லை எல்லாம் 'ஆர்' என்று முடித்துப் பதினாறு வரியும் எழுதிவிடலாம், கேட்க அலுப்பு தட்டும். இரண்டு வரிக்கு மேல் அந்த முடிவை ஓட்டாதீர்கள்.

உண்மையான ருசி மொழி தாண்டிய இயைபில் இருக்கிறது. ஸ்பானிஷ் ரேய், ஆங்கில டே. ஸ்பானிஷ் சோய், ஆங்கில பாய். ஸ்பானிஷ் அகீ, ஆங்கில சீ. கரீபியன் உச்சரிப்பில் இன்னும் அழகாக ஒன்று நடக்கும். கியூபா, போர்ட்டோ ரிக்கோ பேச்சில் 'கன்சாதோ' மாதிரிச் சொற்களில் நடுவில் வரும் தகர ஒலி கரைந்து 'கன்சாவ்' ஆகிவிடும். அது ஆங்கில 'நாவ்' என்ற சொல்லோடு கச்சிதமாக உட்காரும். மெக்சிகோ வம்சாவளியில் வந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் ராப்பருக்கு இந்த இயைபு அவ்வளவு இயல்பாக வராது. அவருக்குக் காலோ என்கிற தெருவழக்குக் கைகொடுக்கும்: வாத்தோ, கார்னால், ஓரலே மாதிரிச் சொற்கள். கிட் ஃப்ராஸ்டும் மெல்லோவும் ஒரே ஊர், ஒரே காலம், ஆனால் இருவர் ஸ்பானிஷும் வேறு. இதை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம்.

எந்த இடத்தில் மாறுவது? பொருளைத் தூக்கிப் பிடிக்கிற சொல் கேட்பவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். திட்டு, செல்லம், வியப்பு, பெயர் இதெல்லாம் மற்ற மொழிக்குப் போகலாம். 'மென்டிரோசா'வின் கதை எல்லாருக்கும் புரிவதற்குக் காரணம் அந்த வரிசைதான். கோரஸில் ஸ்பானிஷ் வைத்தால் நான்கு அசைக்குள், திரும்பத் திரும்ப வருகிற ஒரே சொல்லாக வையுங்கள். தலைப்பும் அதே சொல்லாக இருந்தால் தேடுகிறவருக்குச் சுலபம்.

பதிவில் ஒரு எச்சரிக்கை. இரு மொழியையும் ஒரே நாளில், மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் பதியுங்கள். தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் மூச்சு உடையும், இரண்டு ஆள் பாடுவது போல ஆகிவிடும். ஸ்பானிஷ் வரிகளில் ஸகர ஒலி அதிகம்; 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸரை (ஸகரச் சீறலைக் குறைக்கும் கருவி) அந்த வரிகளுக்கு மட்டும் தனியாக ஆட்டோமேட் செய்யுங்கள். மொத்த டிராக்குக்கும் போட்டால் ஆங்கில வரி மழுங்கிவிடும்.

பிளாட்டினம்தட்டு

விகிதத்துக்கு வரம்பு உண்டு, அதுவும் எண்ணோடு. அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ தரும் சான்றிதழில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ் இருந்தால் லத்தீன் திட்டத்தில் சேரும். அதில் கோல்டு 30,000 யூனிட், பிளாட்டினம் 60,000, டைமண்ட் 6,00,000. பொதுத் திட்டத்தில் கோல்டே 5,00,000, பிளாட்டினம் 10,00,000. 150 ஸ்ட்ரீம் ஒரு யூனிட். அதாவது ஸ்ட்ரீமிங் மட்டும் வைத்துப் பார்த்தால் லத்தீன் பிளாட்டினத்துக்கு 90 லட்சம் ஸ்ட்ரீம், பொதுப் பிளாட்டினத்துக்கு 15 கோடி. சரிபாதியாகக் கலந்த பாட்டு பெரிய கணக்கில் போய் விழும். பில்போர்டின் ஹாட் லத்தீன் சாங்ஸ் பட்டியலுக்கும் பெரும்பகுதி ஸ்பானிஷ் இருக்க வேண்டும். எனவே கடைசி வெர்ஸ் எந்த மொழி என்பதை மிக்ஸிங்குக்கு முன்பே தீர்மானியுங்கள், வெளியிட்ட பிறகு மாற்ற முடியாது. எதிர் உதாரணமும் உண்டு. நியூயார்க் பிராங்ஸின் ராப்பர் பிக் பன் பெரும்பாலும் ஆங்கிலம், ஸ்பானிஷ் தூவல் மட்டும். 1998ல் வந்த 'கேபிடல் பனிஷ்மென்ட்' ஆல்பத்தோடு பொதுப் பிளாட்டினம் வாங்கிய முதல் லத்தீன் தனி ராப்பர் அவர்தான். தன் குழுவான டெரர் ஸ்குவாடை விட்டுப் போகாமலே தனி ஆல்பம் போட்டார் என்பதையும் கவனியுங்கள்.

வினியோகத்துக்கு ஏற்றும்போது பாடல்வரி மொழி என்ற கட்டத்தைச் சும்மா ஆங்கிலம் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் பாட்டைப் பிட்ச் செய்யுங்கள் (பரிசீலிக்க அனுப்புங்கள்). குழுப் பக்கத்தில் உங்கள் தனிப்பாட்டு போய் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். முதல் சிங்கிளுக்கே புதிய கலைஞர் பக்கம் என்று குறிப்பிட்டு, வெளியாகும் முன் சரிபாருங்கள். வானொலிக்கான சுத்தமான பதிப்பில் ஸ்பானிஷ் கெட்ட வார்த்தையையும் நீக்க வேண்டும், அமெரிக்க ஒலிபரப்பு ஆணையமான எஃப்சிசியின் விதி ஆங்கிலத்துக்கு மட்டுமானது இல்லை. சுத்தப் பதிப்புக்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவின் அடையாள எண்) வாங்குங்கள்.

தெற்குவாசல்

அருமை. கடைசியாக ஒன்று. இன்று ஒருவர் 'மென்டிரோசா' மாதிரிப் பழைய லத்தீன் ராக் துண்டை வைத்துப் பாட்டுப் போட்டால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? சந்தானாவிடமா?

ஷரத்துராஜா

இரண்டு இடத்தில். ஒலிப்பதிவுக்கு மாஸ்டர் வைத்திருக்கிற கம்பெனி. இசையமைப்புக்கு எழுதினவரோட பப்ளிஷர். 'ஈவில் வேஸ்' நல்ல உதாரணம்: எழுதினவர் சன்னி ஹென்றி, 1967ல் முதல்ல வெளியிட்டவர் வில்லி போபோ, சந்தானா 1969ல் எடுத்துப் பாடினது. சந்தானாகிட்ட மட்டும் கேட்டா பாதி அனுமதிகூடக் கிடைக்காது.

மாஸ்டர் கட்டுப்படியாகலைன்னா இசைக்கலைஞர்களை வைத்து அந்தத் துண்டைப் புதுசா வாசிச்சுப் பதிவு பண்ணலாம். அப்போ மாஸ்டர் அனுமதி தேவையில்லை, பப்ளிஷிங் அனுமதி மட்டும் கட்டாயம் வேணும். முன்னாடி இவ்வளவு கெடுபிடி இல்லை. 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாம பழைய பாட்டுத் துண்டை எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் எல்லாக் கம்பெனியும் அனுமதிக் காகிதம் இல்லாம தட்டு அடிக்காதுன்னு ஆச்சு. தனியா போறவருக்கு இது இரட்டைச் செலவு: குழுவில் நாலு தலையில் பிரிஞ்ச தொகை இப்ப ஒரே தலையில், அதோட பப்ளிஷிங் பங்கில் பாதியோ அதுக்கு மேலயோ மூலப் பாட்டுக்காரருக்குப் போகலாம். மிக்ஸ் முடிச்சுட்டு அனுமதி கேட்கப் போகாதீங்க, பேரம் பேச இடமே இருக்காது. டெமோ நிலையிலேயே கேளுங்க, கிடைக்கலைன்னா பீட்டை மாத்தற அவகாசம் இருக்கும்.

பழைய ஆட்களுக்கும் ஒரு வழி இருக்கு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 203 படி, 1978 ஜனவரி 1 முதல் எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்கலாம். 5 வருஷச் சாளரம், அதுக்குள்ள ஒரு தேதியைக் குறிச்சு, அந்தத் தேதிக்கு 2 முதல் 10 வருஷம் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்திருக்கணும். 1989 வெளியீடுகளுக்கு அந்தச் சாளரம் பொதுவா 2024ல் திறந்தது. ஒலிப்பதிவுகளில் 'கூலி வேலையாச் செய்தது, அதனால உரிமை எங்களுக்கே'ன்னு கம்பெனிகள் வாதாடும், அதனால எழுத்தாளர் பங்கிலிருந்து ஆரம்பிக்கறது சுலபம். 1990, 91ல் கையெழுத்துப் போட்டவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, பழைய ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்க.